விரல் உணரியா, ஒரு துளி ரத்தமா? அறுவை மேசையில் ஹீமோகுளோபின் அளவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி சிற்றூரில் நடு அறுவையில் ரத்தம் போதாமல் ஈப்போ நகரிலிருந்து ரத்தப் பை வர வேண்டியிருந்தால், எப்போது கேட்பது என்ற கேள்விக்கு ஓர் எண்தான் பதில்: ஹீமோகுளோபின் அளவு. அந்த எண்ணை எந்தக் கருவி தருகிறது?

விரலில் மாட்டி ஒளியால் ஹீமோகுளோபினை அளக்கும் விரல் உணரி ஊசி குத்தாது, தொடர்ந்து காட்டும். சாதாரண ஆக்சிமீட்டர் ஒளியின் இரண்டு அலைநீளங்களில் பார்க்கும். இது ஏழு அல்லது அதற்கு மேல். பல நோயாளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை சொற்பம். சிக்கல், சிதறல். ஆய்வக அளவிலிருந்து டெசிலிட்டருக்கு இரண்டரை கிராம் வரை மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். திரையில் 9 என்றால் உண்மை ஆறரையாகவும் இருக்கலாம்; ரத்தம் ஏற்றும் எல்லையோ பொதுவாக 7 அல்லது 8.

அது தடுமாறும் நேரமும் கெட்ட நேரம்தான். ரத்தம் போனால், உடல் குளிர்ந்தால், ரத்த அழுத்தம் ஏற்ற பினைலெப்ரின் ஓடினால், விரல் நாளங்கள் சுருங்கும். திரையில் பெர்ஃபியூஷன் இன்டெக்ஸ் (விரலில் ரத்த ஓட்டத்தின் வலுவைக் காட்டும் எண்) 1-க்குக் கீழ் இறங்கினால் எண்ணைச் சந்தேகியுங்கள். கையைச் சூடாக்குங்கள், அழுத்தப் பட்டையை மறு கைக்கு மாற்றுங்கள், உணரியை ஒளி புகாதபடி மூடுங்கள். நகப்பூச்சையும் கருப்பு மருதாணியையும் முதலிலேயே கவனியுங்கள். கல்யாணம் முடிந்த கையோடு வருபவர்களும் உண்டு. சிவப்பு மருதாணி அவ்வளவு தொல்லையில்லை.

ஒரு துளி ரத்தத்தில் அளக்கும் கருவி ஹீமோகியூ. துளியை உறிஞ்சும் அதன் சிறு தகடான குவெட்டுக்கு 10 மைக்ரோலிட்டர் போதும்; ஒரு நிமிடத்துக்குள் விடை. தவறு பெரும்பாலும் நம் கையில்தான். விழிப்பு அறையில் விரலில் குத்தும்போது பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் இறங்கும். பால் மரம் (ரப்பர்) வெட்டிக் காய்த்த கைக்கு ஆழமான ஊசி வேண்டும். நடுவிரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளிகளைத் துடைத்துவிட்டு எடுங்கள். குவெட்டில் காற்றுக்குமிழி இருந்தால் தூக்கி எறியுங்கள். ஹீமோகியூ 201 வகைக் குவெட்டுகளில் மருந்து பூசியிருக்கும், ஈரம் ஆகாது. நம் புழுக்கத்தில் டப்பா மூடியை உடனே அடைக்க வேண்டும். திறந்த தேதியை எழுதி மூன்று மாதத்தில் தீர்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு விரலை விட தமனிக் குழாய் ரத்தமே மேல். டிரிப் ஓடும் கையில் மட்டும் எடுக்காதீர்கள்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் சோதனைதான் உரைகல். ஆனால் தாமதம். ரத்த வாயுக் கருவி வேகமானது. அது ஒளியால் அளக்கிறதா, மின்கடத்துத் திறனால் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். இரண்டாம் வகை, திரவம் ஏறிப் புரதம் நீர்த்தவரிடம் குறைத்துக் காட்டும்.

ஒன்றே ஒன்று வாங்கப் பணமிருந்தால் குவெட் கருவியை வாங்குங்கள். உணரியும் இருந்தால் தொடக்கத்தில் ஒரு ரத்த அளவு எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் குறியுங்கள். பிறகு உணரியில் ஏற்ற இறக்கம் மட்டும் பாருங்கள். டெசிலிட்டருக்கு 1 கிராம் இறங்கினால் மறுபடி ரத்தம் எடுங்கள். பை ஏற்றும் முடிவு உணரியை வைத்து வேண்டாம்.

திடீர் ரத்தப்போக்கின் முதல் நிமிடங்களில், திரவம் ஏறும்வரை, எல்லாக் கருவியும் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். உறிஞ்சு ஜாடியைப் பாருங்கள், நனைந்த துணிகளை எடை போடுங்கள்: கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 1 மில்லி ரத்தம்.