அவலோன்காரரின் பெருவிரல்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் 2021 கடைசியில் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். சொக்லேட், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, இவற்றுக்கு நடுவே துவாயில் சுற்றி இரண்டு சீடி. இரண்டிலும் ஒரே பெயர்தான்: மிசிசிப்பி ஜோன் ஹேர்ட், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். ஒன்று அவர் 1928இல் ஓக்கே என்ற இசைத்தட்டுக் கொம்பனிக்குப் பாடியவை, மொத்தம் 13 பாட்டு. மற்றது 1966இல் வங்கார்ட் கொம்பனி வெளியிட்ட ‘டுடே!’. இரண்டிலும் ஒரு மனிதன், ஒரு மரக் கிற்றார். வேறு வாத்தியம் இல்லை.

நான் திருகோணமலையில் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிறவன். மத்திய வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் கடை. தொழிலினால் வந்த பழக்கம், எந்தப் பாட்டும் எனக்கு முதலில் ஒலியாகத்தான் காதில் விழும், அப்புறம்தான் பாட்டாகும். 1928 சீடியைப் பகலில் போட்டேன். மேலே ஃபான், வெளியே ஓட்டோ, எதிர்க் கடையில் ரீவி. யாரோ பக்கத்து அறையில் முணுமுணுப்பது போலிருந்தது. இது பெரிய ஆள் என்று மச்சான் ஏன் சொன்னார் என்று விளங்கவில்லை. எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

அதை மறுபடி எடுக்க வைத்தது 2022 மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். டீசலும் இல்லை, வாகனமும் இல்லை. எங்கள் ஒழுங்கை அவ்வளவு அமைதியாகக் கிடந்ததை நான் பல வருடமாகக் கண்டதில்லை. இரவில் மான்கள் வாழைப்பழத் தோல் தேடி வந்தால் அவற்றின் குளம்புச் சத்தம்கூடக் கேட்கும். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் என் கடை வாசலில் கிடக்கும் வாங்கில் வந்து இருப்பார்கள். என்னிடம் 12 வோல்ட் பெற்றரியும் பழைய கார் செட் ஒன்றும் இருந்தன. மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, சத்தத்தைக் குறைத்து, 1928 சீடியைப் போட்டேன்.

முதலில் பழைய இசைத்தட்டின் இரைச்சல், தாச்சியில் எண்ணெய் காய்கிற மாதிரி. அதற்குள்ளிருந்து கிற்றார் வந்தது. “ரெண்டு பேர் வாசிக்கினமோ தம்பி?” என்று கேட்டார் பறங்கி மாமா.

மாமா தச்சர். எங்கள் ஊரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்களின் கலியாண வீடுகளில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசித்தவர். வயலினும் வரும், கிற்றாரும் வரும். எனக்குச் சின்ன வயதில் கிற்றார் பிடிக்கக் காட்டித் தந்தவரும் அவர்தான். அவர் காதுக்கே இரண்டு பேர் என்று பட்டதில் வியப்பில்லை. ஜோன் ஹேர்ட்டின் வலது கைப் பெருவிரல் தடித்த கம்பிகளை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். பாட்டுத் தொடங்கினால் முடியும்வரை நிற்காது. சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். மெட்டின் சுரங்கள் பெருவிரல் விழுகிற இடத்தில் மட்டும் விழுவதில்லை, இரண்டு தட்டுக்கு நடுவில் வந்து குதிக்கும். அந்த இடைவெளியில்தான் பாட்டுக்கு ஆட்டம் வருகிறது. மாமா இரண்டாம் நாள் வாங்கு விளிம்பில் தன் பெருவிரலை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெருவிரல் மத்தளம் தம்பி. மற்ற ரெண்டும்தான் பாட்டு.” நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், இதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வரவில்லை.

இவர் பாடுவதைப் புளூஸ் என்பார்கள், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை. புளூஸ் என்றதும் தொண்டை கிழியக் கத்துவதை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மிசிசிப்பி மாநிலத்தில் அவலோன் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர் ஹேர்ட். பக்கத்தில் டெல்ரா என்ற ஆற்றோர வயல்வெளிப் பாடகர்களின் கரகரப்பு இவரிடம் இல்லை. கதைப்பாட்டு, ஆட்டப்பாட்டு, கோயில் பாட்டு எல்லாம் கலந்து கிடக்கும். குரல் உயராது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் திண்ணையில் இருந்து பாடுகிறவர் போல.

இந்த மெல்லிய குரல் தட்டில் ஏறியதற்குக் காலமும் உதவியிருக்கிறது. 1925க்கு முன்னர் இசைத்தட்டுப் பதிவு என்றால் பெரிய புனல் ஒன்றுக்கு முன்னால் நின்று உரத்துப் பாட வேண்டும்; அந்தச் சத்தத்தின் பலத்தில்தான் ஊசி மெழுகைக் கீறும். மின் மைக்ரோபோன் வந்த பிறகே மெதுவாகப் பாடுகிறவனும் பதிவாக முடிந்தது. ஹேர்ட் 1928 பெப்ரவரியில் மெம்பிஸிலும், டிசம்பரில் நியூயோர்க்கிலும் பாடியது அந்த மைக்கின் முன்னால்தான். நாலு வருடம் முந்தியிருந்தால் இந்தக் குரல் புனலுக்குள்ளேயே தொலைந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். அதற்குள் ஒரு கொலைக் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கிறார், அவசரமும் தெரியவில்லை.

வாசலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஆங்கிலம் விளங்காது, எனக்கும் பாதிதான். ‘லூயிஸ் கொலின்ஸ்’ பாட்டு ஓடியபோது பக்கத்து வீட்டு அக்கா, “தாலாட்டோ?” என்று கேட்டார். இல்லை அக்கா, லூயிஸ் என்ற ஒரு பொடியனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், தாய் அழுகிறாள், தேவதைகள் அவனைக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள் என்று பாடுகிறார் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “இன்னொருக்கா போடு தம்பி” என்றார். போட்டேன். அதற்குப் பிறகு கரண்ட் போகும் இரவுகளில் அக்கா வந்து இருந்தவுடன் அந்தப் பாட்டை முதலில் போடுவது வழக்கமாகிவிட்டது. அழுகையை அழுது காட்டாமல் இவ்வளவு மென்மையாகச் சொல்கிற பாடகரை நான் வேறு கேட்டதில்லை.

பாடகரின் கதையையும் ஒரு இரவு சொன்னேன். அந்தத் தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. 1929இல் அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தது. ஹேர்ட் ஊரில் தோட்ட வேலை, மாட்டு வேலை என்று இருந்துவிட்டார். 35 வருடம் வெளியுலகம் அவரை மறந்தே போனது. 1952இல் ஹரி சிமித் தொகுத்த பழைய நாட்டார் இசைத்தட்டுத் தொகுப்பில் இவருடைய இரண்டு பாட்டுகள் வந்தன. கேட்ட இளம் ஆட்கள் இவர் யார் என்று தேடத் தொடங்கினார்கள். அவர் நியூயோர்க்கில் பாடிய பாட்டு ஒன்றில் அவலோன்தான் என் சொந்த ஊர், எப்போதும் அதே நினைப்பு என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய நிலப்படத்தில் ஊரைத் தேடி, 1963இல் ரொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞர் போய்க் கதவைத் தட்டினார். ஆள் அங்கேயே இருந்தார். பெயரைச் சொல்லி விசாரித்து ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றதும், பொலிஸ்தான் தன்னைத் தேடி வந்துவிட்டது என்று ஹேர்ட் நினைத்தாராம்.

இந்த இடத்தில் எங்கள் வாங்கில் ஒருவரும் அசையவில்லை. தெரியாத ஆள் கதவைத் தட்டிப் பெயரைக் கேட்டால் நெஞ்சு என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஹேர்ட்டின் வாசலுக்கு வந்தது நல்ல செய்தி. அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாடிக் கொடுத்தார். மூன்று வருடம் மேடை மேடையாகப் போனார். 1966 நவம்பர் 2இல் காலமானார்.

இப்போது ‘டுடே!’. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘லூயிஸ் கொலின்ஸ்’ இதிலும் இருக்கிறது. 1928 பாட்டை ஒரு தரம், இதை ஒரு தரம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். குரல் தாழ்ந்திருக்கிறது, ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது, மூச்சு கேட்கிறது. பெருவிரல் மட்டும் அதே பெருவிரல். தட்டு விற்கவில்லை, அழைக்க ஆள் இல்லை, ஊரில் அயலவருக்காக வாசித்ததுதான் மிச்சம். அப்படியிருந்தும் அந்தக் கை எதையும் விடவில்லை. இரண்டு சீடியையும் பக்கத்தில் வைத்துக் கேட்காவிட்டால் இது தெரிய வராது. அதனால்தான் ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

‘ஸ்பைக் ட்ரைவர்’ என்று தொடங்கும் பாட்டும் இரண்டிலும் உண்டு. ரயில்பாதை போடும் கூலியாட்களின் பாட்டு. ஹேர்ட் தானும் சில மாதம் ரயில்பாதை வேலைக்குப் போனவர். ஜோன் ஹென்றி என்பவன் அமெரிக்கப் பாட்டுக்கதைகளில் வரும் ரயில்பாதைக் கூலியாள், சுத்தியல் அடித்தே செத்தவன். ஜோன் ஹென்றியைக் கொன்ற சுத்தியல் என்னைக் கொல்லாது, இந்தா, இதைக் கொண்டுபோய் மேற்பார்வைக்காரனிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல்லு என்கிறான் கூலியாள். கரைவலை இழுத்துப் பழகிய அண்ணர் ஒருவர் இதை உடனே பிடித்துக்கொண்டார். அவர்கள் அம்பா பாடி வலை இழுக்கிறவர்கள். பாட்டுக்கும் இழுப்புக்கும் உள்ள கணக்கு அவருக்குத் தெரியும். “இது வேலை செய்யேக்க பாடுற பாட்டில்லை, வேலையை விட்டிட்டுப் போறவன்ர பாட்டு” என்றார். நான் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு கேட்டால், அவசரப்படாமல் நடந்து போகிற ஒருவரின் காலடிதான் அந்தப் பெருவிரலில் எனக்குத் தெரிகிறது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1928 சீடியில் சில பாட்டுகளில் இரைச்சல் அதிகம், மறைக்க முடியாது. ஆனால் கம்பியில் விரல் படுகிற கூர்மை கெடாமல் இருக்கிறது. இதே பாட்டுகளை இரைச்சல் நீக்கியது என்று விற்ற வேறொரு தொகுப்பைக் காசு கொடுத்து இறக்கி ஏமாந்தேன். இரைச்சல் போய்விட்டது, கூடவே கிற்றாரும் செத்துவிட்டது. காரணம் எளிது. தட்டின் இரைச்சல் பெரும்பாலும் மேல் அலைவரிசைகளில் கிடக்கிறது. நகமும் கம்பியும் எழுப்புகிற துடிப்பும் அங்கேதான். ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். போர்வைக்குள்ளிருந்து வாசித்த மாதிரி இருந்தது. இரைச்சலோடு கேளுங்கள், இரண்டாவது பாட்டில் காது பழகிவிடும். பழகவே மாட்டேன் என்கிறவர்கள் ‘டுடே!’யில் தொடங்கலாம். ஒலி சுத்தம், கிற்றார் பெட்டியின் மரம்கூடக் கேட்கும். கோப்பி பற்றிய பாட்டுக்கு முன்னால் அவர் பேசுகிற பேச்சுக்காகவே இன்னொரு தரம் கேட்கலாம். ‘லவின் ஸ்பூன்புல்’ இசைக்குழு தன் பெயரை எடுத்தது அந்தப் பாட்டிலிருந்துதான்.

மூன்றாவதாக, ‘த பெஸ்ட் ஒஃப்’ என்று ஒரு வெளியீடு உண்டு. பெயரைப் பார்த்துப் பொறுக்கியெடுத்த தொகுப்பு என்று நினைக்க வேண்டாம். அது 1965இல் ஓபர்லின் கல்லூரியில் நடந்த மேடைக் கச்சேரி. கைதட்டலும் சிரிப்பும் கலந்து நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் இந்த மனிதரைக் கூட்டத்தோடு கேட்பதைவிட நாலு பேரோடு கேட்பது எனக்குப் பிடிக்கும்.

நல்ல ஸ்பீக்கர் தேவையா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. எங்களுடையது மரப்பெட்டிக்குள் ஆறு அங்குலக் கோன் ஒன்றுதான். பாஸ் கூட்டுகிற பட்டனை மட்டும் தொடாதீர்கள், பெருவிரல் வீங்கிப்போய் மற்ற இரண்டு விரலையும் மூடிவிடும். ஃபானை நிறுத்திவிட்டு இரவில் கேளுங்கள்.

மாமாவின் கிற்றார் கன காலமாகச் சுவரில்தான் தொங்கியது. அவரோடு வாசித்தவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் அதைக் கொண்டுவந்து புதுக் கம்பி போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பெருவிரல் வந்துவிட்டதாம், மற்ற இரண்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லையாம். 1928 சீடி இப்போது அவர் வீட்டில். மச்சானுக்கு இன்னொன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.