நாலு வருட ராத்திரி வேர்வை: எது உதவியது, எது தண்டச் செலவு

நான் ஈரோட்டுக்காரி, வயது 51. எனக்கு இது 2021 பங்குனியில் ஆரம்பித்தது. வெயில் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் பங்குனியில் வேர்க்காமல் இருந்தால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். மார்கழியிலும் நைட்டி பிழியப் பிழிய நனைந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டரை வாக்கில் நெஞ்சு படபடக்கும். முழிப்பு வருவது அதனால்தான், வேர்வை அப்புறம். அரை நிமிடத்தில் மார்பிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறும், பொங்கல் பானைமேல் குனிந்து பார்த்த மாதிரி. பின்னங்கழுத்து, முதுகு, முழங்கால் மடிப்பு எல்லாம் நனையும். மூன்று நான்கு நிமிடத்தில் அது அடங்கி, குளிர் எடுக்கும். ஈரத்துணியோடு ஃபேனுக்கு அடியில் கிடந்தால் குளிராமல் என்ன செய்யும்? மஞ்சள் சரடு கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் தலையணை உறையில் மஞ்சளாக ஓர் அரைவட்டம் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாத அந்தக் கறை மொட்டைமாடி வெயிலுக்கு மட்டும் வெளுக்கும்.

முதலில் பார்த்த டாக்டர் நான் பாதி சொல்வதற்குள்ளேயே "வயசானா அப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிவிட்டார். ஆறு மாதம் அதை விழுங்கினேன். அடுத்துப் பார்த்த டாக்டரம்மா உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, எடை குறைந்ததா, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறதா? காசநோய், தைராய்டு, சில வகைப் புற்றுநோய் எல்லாம் ராத்திரி வேர்வையாகவே வெளிப்படலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நெஞ்சு எக்ஸ்ரே, தைராய்டு, சர்க்கரை, ரத்த எண்ணிக்கை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. மாதவிலக்கு நிற்கும் பருவம், அவ்வளவுதான். நீங்களும் பாய் மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

எல்லா வேர்வையும் ஒரே வேர்வை இல்லை என்பது வீட்டுக்குள்ளேயே ஒருநாள் புரிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை, விரதம் என்று வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்கு அவர் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. "உங்களுக்குமா?" என்று சிரித்தேன். பதிலுக்கு ஏதோ உளறினார், கை நடுங்கியது. மெஷினில் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இரண்டு இட்லி ஊட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாரமே அவருடைய ராத்திரி மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்தார். வீட்டில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ராத்திரியில் வேர்த்தால் முதலில் மெஷினை எடுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அங்கே சில நரம்பணுக்கள் மிகையாக வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. உடம்பு பொறுத்துக்கொள்ளும் சூட்டின் எல்லை சுருங்கிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சூட்டுக்கெல்லாம் இப்போது உடம்பு பதறிப்போய் வேர்வையைக் கொட்டுகிறது. போர்வைக்குள் கொஞ்சம் புழுக்கம் சேர்ந்தாலே போதும். டாக்டரம்மா இதைச் சொன்ன பிறகுதான் நான் வாங்கிவைத்த மெத்தைமேல் கோபம் வந்தது.

அந்த மெத்தை ஆன்லைனில் 18,000 ரூபாய். மெமரி ஃபோம், மேலே 'கூலிங் ஜெல்'. முதல் பத்து நிமிடம் ஜில்லென்றுதான் இருக்கும். அப்புறம் உடம்பு அமுங்கிய பள்ளத்துக்குள் நம் சூடே நம்மைச் சுற்றி நிற்கும். திருப்பி அனுப்பக் கேட்டால் உறையில் கறை இருக்கிறதாம். கறை இல்லாமல் இருந்தால் நான் ஏன் திருப்பி அனுப்புகிறேன்? இப்போது அது விருந்தாளி அறையில் கிடக்கிறது. படுத்து எழுந்தவர்கள் எல்லாம் "நல்ல மெத்தைங்க, எங்க வாங்குனீங்க" என்கிறார்கள். எனக்குத் திரும்பவும் பழைய இலவம்பஞ்சு மெத்தைதான். இலவம்பஞ்சு தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காது, உதறி வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கோடையில் அதையும் சுருட்டி வைத்துவிட்டுக் கோரைப்பாய். முதுகு வலிக்காதவர்களுக்குப் பாய்க்கு மிஞ்சியது இல்லை, எனக்கு வலிக்கும்.

நைட்டி விஷயத்தில் ஜவுளி ஊர்க்காரியான நானே ஏமாந்தேன். 'ப்யூர் காட்டன்' என்று வாங்கிய ஆறில் நான்கு கலப்படம். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருண்டு கெட்டியாகிவிடும். நல்ல பருத்தி நைட்டியிலும் ஒரு தொல்லை உண்டு: நனைந்ததைத் தலைவழியே உரிக்க எழுந்து நிற்க வேண்டும், நின்றால் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். கடைசியில் எனக்குச் சரிப்பட்டது வீட்டுக்காரரின் பழைய காட்டன் சட்டையும் ஒரு பாவாடையும். பொத்தானைக் கழற்றி, உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிவிடலாம்.

எனக்கு வழி தெரிந்ததே இங்கேதான். அதுவரை ராத்திரிக்கு எத்தனை தடவை வேர்த்தது என்றுதான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று, நான்கு, மூன்று. அது என் கையில் இல்லை. பக்கத்துப் பத்தியில், திரும்பத் தூங்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத ஆரம்பித்தேன். நாற்பது, ஐம்பது, சில நாள் விடியவே விடிந்துவிடும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடிலேயே என்னைத் தூங்கி வழிய வைத்தது இந்தப் பத்திதான். அதைக் குறைப்பதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியும்.

படுக்கை இப்போது இப்படி இருக்கிறது. மெத்தைமேல் சென்னிமலை பெட்ஷீட். அதன்மேல் முதுகு படும் இடத்தில் குறுக்காக ஓர் ஈரிழைத் துண்டு. கட்டிலை ஒட்டி நாற்காலியில் காய்ந்த சட்டை ஒன்று, துண்டு இரண்டு. கை எட்டும் தூரத்தில் டேபிள் ஃபேன் சுவிட்ச். தரையில் ஒரு வாளி. படபடப்பு வந்ததும் ஃபேனைப் போட்டுவிட்டு மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடங்கியதும் நனைந்த துண்டை உருவி வாளியில் போட்டு, ஒன்றில் துடைத்து, இன்னொன்றை விரித்து, சட்டையை மாற்றிப் படுத்துவிடுவேன். லைட் போடக் கூடாது, செல்போனைத் தொடவே கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு ஆன மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். டர்க்கி டவல் வேண்டாம். காய ஒரு நாள் ஆகும். ஏசியை 20இல் வைத்துப் பார்த்தேன், வேர்வை நிற்கவில்லை, பின்னால் வரும் குளிர்தான் கூடியது. 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுவது பரவாயில்லை. வீட்டுக்காரர் கம்பளிக்குள், நான் துண்டுமேல்.

நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. சாயங்காலம் ஆறுக்கு மேல் காபி குடித்த நாளும், ஒன்பது மணிக்கு மேல் காரமாகச் சாப்பிட்ட நாளும் எனக்கு மோசமான நாட்கள். கத்தரிக்காய்தான் காரணம் என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். நோட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சோயா உருண்டை மூன்று மாதம் தின்றதில் வாயு மட்டும் மிச்சம். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தில் இரண்டு கிலோ எடை ஏறியது. வெட்டிவேர்த் தலையணை வாசத்துக்காக இன்னும் இருக்கிறது.

மருந்து பற்றி. இதற்கு நன்றாகக் கேட்பது ஹார்மோன் சிகிச்சைதான் என்று டாக்டரம்மா சொன்னார். அறுபதுக்குக் கீழே, விலக்கு நின்று பத்து வருடம் தாண்டாதவர்களில் பலருக்குக் கொடுக்கலாமாம். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டு வந்திருந்தது, அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். முன்னே சொன்ன ஹைப்போதலாமஸ் நரம்பணுக்கள்மீதே வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. அதற்கு ஈரல் சோதனை விடாமல் பார்க்க வேண்டும். எனக்கு எழுதியது வென்லாஃபாக்சின், 37.5 மில்லிகிராம். இது மனச்சோர்வு மாத்திரை. "உனக்கு எதுக்குக் கண்ணு பைத்திய மாத்திரை?" என்று நாத்தனார் கேட்டார். முதல் வாரம் குமட்டல், நாக்கு வறண்டது. நாலாவது வாரத்தில் நோட்டில் 'ஒன்று' என்று எழுதினேன். சிலருக்கு இதே மாத்திரை வேர்வையைக் கூட்டுமாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம், நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. நான் மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்கிறேன்.

எத்தனை நாளைக்கு இது? அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு 2015இல் சொன்ன இடைநிலை அளவு 7.4 வருடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். எண்ணைப் பார்த்த அன்று அழுகை வந்தது. அன்று சாயங்காலம் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றார். வயது 78. ஒரு துண்டை எடுத்து உதறிக்கொண்டே, "நான் ராத்திரியில வாசத் திண்ணையில போய் உக்காந்துக்குவேன் கண்ணு. உங்க மாமா பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாரு" என்றார். "எத்தன வருசங்க அத்தை?" என்று கேட்டேன். "யாரு எண்ணுனா" என்றபடி அடுத்த துண்டை எடுத்தார்.

இப்போதைய கணக்கு: ராத்திரிக்கு ஒன்று, சில நாள் பூஜ்யம். திரும்பத் தூங்கப் பத்து நிமிடம். தை மாதம் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியில் துண்டு இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.