பி67, எச்67 மதர்போர்டுகள்: இரண்டு போர்ட்டை நம்பலாம், நான்கை நம்ப முடியாது

இன்டெலின் இரண்டாம் தலைமுறை கோர் ப்ராசஸர்கள் 2011 ஜனவரி 9 அன்று கடைக்கு வந்தன. அவற்றுக்கென்றே வந்தவை பி67, எச்67 சிப்செட் மதர்போர்டுகள். ப்ராசஸரை டிஸ்க் போன்றவற்றோடு இணைக்கும் போர்டுச் சிப்தான் சிப்செட். ஜனவரி 31 அன்று இன்டெல் அந்தச் சிப்செட்டின் விநியோகத்தை நிறுத்தியது. டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் சில காலப்போக்கில் கெட்டுவிடும் என்பது காரணம். வாங்கி மூன்று வாரமே ஆன போர்டை வைத்திருந்தவர்கள் கொதித்தது நியாயமே. ஆனால் அந்தக் கொதிப்பில் நல்ல போர்ட்டையும் கெட்ட போர்ட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 1155 என்ற சாக்கெட்டில் (ப்ராசஸர் செருகும் இடம்) ப்ராசஸரை ஏற்கும் இந்தப் போர்டுகள் பழைய சாமான் சந்தையில் இன்னும் கைமாறுகின்றன. அதனால் இந்த முதல் வெளியீட்டுப் போர்டுகளை எப்படி மதிப்பிடுவது, கையில் ஒன்று இருந்தால் என்ன செய்வது என்பதைப் பார்த்துவிடலாம்.

குறையை விட்டுவிட்டுப் பார்த்தால் இவை அருமையான போர்டுகள். இன்டெல் சிப்செட்டிலேயே 6 ஜிகாபிட் சாட்டா கிடைத்தது இந்த வரிசையில்தான் முதன்முறை. பி67 போர்டில் ஐ5-2500கே ப்ராசஸரைச் சாதாரணக் காற்றுக் கூலருடன் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை சிரமமில்லாமல் ஏற்ற முடிந்தது. அதன் அடிப்படை வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ்தான். எச்67 போர்டில் ப்ராசஸரின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு வெளியீடு உண்டு, ஆனால் மல்டிப்ளையரை (ப்ராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) ஏற்ற வழியில்லை. இரண்டையும் ஒன்றாகத் தரும் இசட்68 அந்த ஆண்டு மே மாதம்தான் வந்தது. ஆக, ஜனவரியில் ப்ராசஸர் வாங்கியவருக்கு அதைச் செருக வேறு போர்டே கிடையாது. பழைய 1156 சாக்கெட்டில் இது பொருந்தாது. போர்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கினால், ப்ராசஸர் அட்டைப்பெட்டிக்குள் சும்மா கிடக்கும். உரிமையாளர்களை உண்மையில் வதைத்தது இந்தச் சிக்கல்தான்.

சிப்செட்டில் மொத்தம் ஆறு சாட்டா போர்ட். 0, 1 ஆகிய இரண்டும் 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை. 2 முதல் 5 வரை உள்ள நான்கும் 3 ஜிகாபிட். இரண்டு குழுக்களுக்கும் தனித்தனிக் கடிகாரச் சுற்று, அதாவது சிக்னலுக்குத் தாளம் கொடுக்கும் மின்சுற்று. 3 ஜிகாபிட் குழுவின் கடிகாரச் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதன் கேட் ஆக்சைடு என்ற மின்காப்புப் படலம் மிக மெல்லியது, குறைந்த மின்னழுத்தத்துக்கென்று அமைந்தது. வடிவமைப்பில் அதற்குத் தாங்காத அழுத்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மின்கசிவு எதிர்பார்த்ததைவிட அதிகம், அது நாளாக ஆகக் கூடவும் கூடும். கசிவு ஓர் அளவைத் தாண்டினால் நான்கு போர்ட்டுகளிலும் சிக்னல் தடுமாறத் தொடங்கும். 6 ஜிகாபிட் போர்ட்டுகளின் கடிகாரம் வேறு என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வருத்தம் என்னவென்றால், அந்த டிரான்சிஸ்டரால் இந்தச் சிப்செட்டுக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்ததுதான் திருத்தமே. சிலிக்கனின் அடித்தளத்தில் கைவைக்காமல் மேலே உள்ள உலோக அடுக்கை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்ததால், திருத்திய சிப் இரண்டே வாரத்தில், பிப்ரவரி நடுவில், வெளிவரத் தொடங்கியது. குறையுள்ள சிப்புக்கு பி2 ஸ்டெப்பிங் (சிப்பின் பதிப்பு எண்) என்று பெயர், திருத்தியதற்கு பி3.

மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் 5 முதல் 15 சதவீதம் சிப்புகளில் இந்தக் கோளாறு தலைகாட்டலாம் என்பது இன்டெலின் மதிப்பீடு. டிஸ்க்கை எவ்வளவு கடுமையாக ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும். முதல் நாள் எல்லாமே நன்றாக ஓடும், அதனால் கடையிலோ வீட்டிலோ ஒரு மணி நேரம் சோதித்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கூட்டிச் சோதித்தபோதுதான் இது வெளிப்பட்டது. இதில் போர்டு வைத்திருப்பவருக்கு ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிசிஎச் வோல்டேஜ், அதாவது சிப்செட்டின் மின்னழுத்தம், என்ற அமைப்பை ஆட்டோவில் விடாமல் 1.05 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஓவர்க்ளாக் செய்யும்போது, அதாவது ப்ராசஸரின் வேகத்தை அடிப்படைக்கு மேல் ஏற்றும்போது, அதை ஏற்றவே வேண்டாம். நீளமான கிராபிக்ஸ் கார்டு சிப்செட்டின் ஹீட்சிங்கை மூடிக்கொண்டிருந்தால், கேபினட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் வைத்து அங்கே காற்றுப் போகும்படி செய்யுங்கள்.

கோளாறு எப்படித் தெரியும்? டிஸ்க் சட்டென்று செத்துவிடாது. சாட்டா வழியே போகும் ஒவ்வொரு தரவுப் பொதியோடும் சரிபார்ப்பு எண் ஒன்று போகிறது. பொதி பழுதாகப் போய்ச் சேர்ந்தால் மறுபடி அனுப்பப்படும். ஆகவே முதலில் தெரிவது வேகக் குறைவு. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது நடுநடுவே சில விநாடிகள் நிற்கும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 11 அல்லது 129 எண்ணிட்ட டிஸ்க் பிழைகள் பதிவாகும். இன்னும் முற்றினால் டிஸ்க் காணாமல் போகும். அப்போதும் டிஸ்க்கில் ஏற்கெனவே எழுதிய தரவு அப்படியே இருக்கும். கழற்றி வேறு போர்ட்டில் மாட்டினால் படிக்கலாம்.

ஆனால் இதே அறிகுறிகளை இருபது ரூபாய் கேபிளும் தரும். போர்டைக் குறை சொல்வதற்கு முன் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 199 ஆம் எண்ணைப் பாருங்கள். சிஆர்சி, அதாவது மேலே சொன்ன சரிபார்ப்பு எண், பொருந்தாமல் போன பிழைகளின் கணக்கு அது. எண்ணைக் குறித்துக்கொண்டு, 20 ஜிபி அளவு கோப்புகளை நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்தக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது, அதனால் பழைய எண் பெரிதாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். இப்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் முதலில் கேபிளை மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அப்படியும் ஏறினால் அதே கேபிளோடு டிஸ்க்கை 6 ஜிகாபிட் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அங்கே நின்றுவிட்டால் கோளாறு பழைய போர்ட்டில்தான்.

போர்ட்டை அடையாளம் காண்பதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுந்தார்கள். இன்டெல் 0 முதல் எண்ணுகிறது. ஆசுஸ் பி8பி67 போர்டில் எண்கள் 1 முதல் தொடங்கும். சாட்டா6ஜி_1, சாட்டா6ஜி_2 என்று அச்சிட்டவை நல்லவை, சாட்டா3ஜி_3 முதல் சாட்டா3ஜி_6 வரை குறையுள்ளவை. போர்ட் 2 கெட்டது என்று படித்துவிட்டு ஆசுஸ் போர்டில் 2 என்று எழுதியதைக் காலி செய்தவர், நல்ல இடத்திலிருந்து டிஸ்க்கைக் கெட்ட இடத்துக்கு மாற்றியவராவார். கிகாபைட்டில் குழப்பம் வேறு வகை. அங்கே சாட்டா3_0, சாட்டா3_1 நல்லவை, சாட்டா2_2 முதல் சாட்டா2_5 வரை ஆகாதவை. முன்னால் வரும் 3, 2 என்பவை தலைமுறையைக் குறிக்கின்றன, போர்ட் எண் அடிக்கோட்டுக்குப் பின்னால்தான் வருகிறது. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டின் கையேட்டில் உள்ள அட்டவணைதான் சரியான சாட்சி. சில போர்டுகளில் வெளி டிஸ்க் மாட்டும் பின்பக்க இசாட்டா போர்ட்டும் இந்த 3 ஜிகாபிட் குழுவிலிருந்தே வருகிறது. பேக்கப் டிஸ்க்கை அதில் மாட்டுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கிகாபைட் இதற்கென்று ஒரு சிறிய சோதனை மென்பொருளை வெளியிட்டது. எந்த டிஸ்க் எந்தக் குழுவில் இருக்கிறது என்பதை அது காட்டும். பயனுள்ளதுதான், ஆனால் பச்சை விளக்கு கண்டதும் போர்டு குறையற்றது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். டிஸ்க் நல்ல போர்ட்டில் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. போர்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவி அல்ல அது.

இனி, யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பது டிஸ்க்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஓர் எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ் என்றால் முதல் இரண்டையும் 6 ஜிகாபிட் போர்ட்டுகளில் மாட்டிவிடலாம். டிவிடி டிரைவ் 3 ஜிகாபிட் போர்ட்டிலேயே இருக்கட்டும், அது நின்றுபோனாலும் இழப்பு எதுவுமில்லை. இன்டெல் போர்ட்டுகளுக்குள்ளே இடம் மாற்றுவதற்கு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம். பயாஸில் பூட் வரிசையை மட்டும் சரிபார்த்தால் போதும். பல போர்டுகளில் மார்வெல் சிப் வழியாக இன்னும் இரண்டு 6 ஜிகாபிட் போர்ட் உண்டு. இன்டெல் குறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எஸ்எஸ்டியை அங்கே மாட்டாதீர்கள். அந்தச் சிப் ஒற்றை பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் தொங்குவதால் முழு வேகம் கிடைக்காது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். விண்டோஸ் உள்ள டிஸ்க்கை அங்கே மாற்றத்தான் வேண்டுமென்றால், மார்வெல் டிரைவரை முதலில் நிறுவிவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் நீலத் திரைதான் வரும்.

நான்கு டிஸ்க்கை ஒரே அணியாக இணைக்கும் ரெய்டு 5 கட்டியவர்களுக்கு இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. ஒரு டிஸ்க் போனாலும் தரவு பிழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ரெய்டு 5 கட்டுகிறோம். டிஸ்க்குகள் தனித்தனியாகக் கெடும் என்ற அனுமானம் அதற்கு அடியில் இருக்கிறது. இங்கே நான்கு போர்ட்டுக்கும் ஒரே கடிகாரச் சுற்று. அது தடுமாறினால் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் விலகலாம், இரண்டு விலகினால் மொத்த அணியும் நின்றுபோகும். அரைகுறையாக மீளமைக்கப் போனால் அங்கேதான் உண்மையான தரவு இழப்பு நேரும். இப்படிப்பட்டவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் தரவை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். வேறு போர்டு கிடைக்கும்வரை, தனிச் சிப் கொண்ட சாட்டா கார்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகி, தரவை அங்கே தனி டிஸ்க்குகளில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

போர்டை மாற்றும்போது நேரும் தவறுகள் குறையைவிட அதிகச் செலவு வைப்பவை. 1155 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ப்ராசஸரைக் கழற்றியதும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி மறுக்கப்படும். போர்டு வாங்கிய அன்றே அந்த மூடியைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்த வேண்டியது இதற்காகத்தான். அனுப்பும் முன் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில், தேதி தெரிகிற மாதிரி, இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

இன்டெல் ரெய்டு வைத்திருப்பவர்கள் புதிய போர்டில் டிஸ்க்குகளை மாட்டி முதல்முறை இயக்கும் முன்பே, பயாஸில் சாட்டா முறையை ரெய்டு என்று மாற்றிவிட வேண்டும். அணியின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் அடையாளம் கண்டுகொள்ளும். டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஎச்சிஐ முறையில் ஒருமுறை இயக்கி, டிஸ்க் காலியாக இருக்கிறது, இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்பதற்குச் சரி சொன்னால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் உரிமம் என்றாலும் குறைபாட்டுக்காகப் போர்டை மாற்றினால் உரிமம் போகாது. தானாக ஆக்டிவேட் ஆகாவிட்டால் போன் வழியாகச் செய்துகொள்ளலாம்.

இன்டெல் நடந்துகொண்ட விதத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். உரிமையாளர்களின் போர்ட்டுகள் கெடத் தொடங்கும் முன்பே, விற்பனைக்கு வந்த 22 நாளில், தானே அறிவித்தது. பழுதுபார்ப்புக்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் 70 கோடி டாலர் ஆகும் என்று கணக்கும் சொன்னது. குறைப்பட வேண்டியது அடுத்த கட்டத்தில். இன்டெல் சிப்பைப் போர்டு கம்பெனிக்கு விற்கிறது, கம்பெனி விநியோகஸ்தருக்கு, அவர் கடைக்கு, கடை நமக்கு. மாற்றித் தருவதும் அதே படிகளில் இறங்கி வர வேண்டியிருந்தது. முதலில் பழையதை அனுப்பு, பிறகு புதியது வரும் என்ற இடத்தில், வேலைக்குக் கம்ப்யூட்டரை நம்பியவர் நாள்கணக்கில் கைகட்டி நிற்க வேண்டும். புதியதை முதலில் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்குவதுதான் முறை. குறை வாங்கியவருடையது அல்லவே.

பழைய போர்டு வாங்குபவர்கள் பெயரைப் பார்த்தே பாதி முடிவு செய்யலாம். கிகாபைட் திருத்திய போர்டுகளின் பெயருக்குப் பின்னால் பி3 என்று சேர்த்தது. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளிலும் பெயரோடு பி3 இருக்கும். ஆசுஸ் பி8பி67 என்றால் ரெவ் 3.0 என்று போர்டிலேயே அச்சிட்டிருக்கும். அட்டைப்பெட்டியை நம்பாமல் போர்டைப் பாருங்கள், பெட்டி மாறியிருக்கலாம். கடையில் போட்டுக் காட்டச் சொன்னால் சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தில் சவுத்பிரிட்ஜ் (சிப்செட்டுக்கு அங்குள்ள பெயர்) வரியில் பி2 அல்லது பி3 தெரியும். மென்பொருள் இல்லையென்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எல்பிசி கன்ட்ரோலரின் (சிப்செட்டின் ஒரு பகுதி) ஹார்ட்வேர் ஐடியைத் திறங்கள். ரெவ் என்பதற்குப் பின் 04 என்றால் பி2, 05 என்றால் பி3. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையும் இதே எண்ணைக் காட்டும். லேப்டாப்பில் 04 கண்டால் மட்டும் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். டிஸ்க்குகளை 0, 1 போர்ட்டுகளில் மட்டும் இணைக்கும் கம்ப்யூட்டர்களுக்கு பி2 சிப்பை அனுப்புவதை இன்டெல் 2011 பிப்ரவரி 7 அன்று மறுபடி தொடங்கியது. இதே வரிசையின் மலிவு வகையான எச்61 போர்டுகளில் 6 ஜிகாபிட் போர்ட்டே கிடையாது, அதனால் அங்கே 04 தெரிந்தால் ஒதுங்குவதற்குப் பத்திரமான போர்ட் ஒன்றுகூட இல்லை. போர்டைக் கீழே வைத்துவிடுங்கள்.