குழம்பைக் கெட்டியாக்க எது நல்லது? தேங்காய்ப்பால், முந்திரி, தயிர், பருப்பு, வெங்காயம்-தக்காளி: ஓர் ஒப்பீட்டு அலசல்

குழம்பு உடம்புக்கு ஆகாது என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் மசாலாவின் மேல் பழி போடுகிறார்கள். நாலு பேருக்கான குழம்பில் விழும் மல்லி, மிளகாய், சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்து கிராம் தேறாது. குழம்பு கனமாவதும் லேசாவதும் இரண்டே இடத்தில் முடிவாகிறது: ஊற்றும் எண்ணெய், கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினால் ஒன்றும் மிச்சமாகாது.

ஒப்பிடுவதற்கு ஒரே அடிப்படையை வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு அரை கிலோ காய், அல்லது வேகவைத்த கொண்டைக்கடலை 400 கிராம். எண்ணெய் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், உப்பு முக்கால் முதல் 1 டீஸ்பூன். இதில் எண்ணெய்க் கணக்கு ஆளுக்கு 20 கலோரிதான்.

இவ்வளவு குறைந்த எண்ணெயில் மசாலா கருகாமல் இருக்க ஒரு வழி உண்டு. தூள்களை நேராக எண்ணெயில் கொட்டாதீர்கள். 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் குழைத்து, சீரகம் பொரிந்ததும் அந்த விழுதைச் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மிளகாய்த்தூள் கருகாது. தண்ணீர் வற்றியதும் சலசலப்பு மாறி, விழுது எண்ணெயில் வதங்கத் தொடங்கும். அதிலிருந்து அரை நிமிடத்தில் பச்சை வாசனை போய்விடும். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும் என்பதால் இந்த அரை நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது. எண்ணெயே இல்லாமல் தண்ணீரில் கொதிக்கவிட்ட மசாலா எத்தனை நேரமானாலும் தூள் வாசனையோடுதான் நிற்கும்.

வெங்காயம்-தக்காளி

200 கிராம் வெங்காயம், 250 கிராம் தக்காளி. ஆளுக்கு ஏறக்குறைய 30 கலோரி, கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். எந்தக் காய்க்கும் பொருந்தும். இது கேட்கும் விலை நேரம்தான். பொடியாக நறுக்கிய வெங்காயம் பொன்னிறமாக 12 முதல் 15 நிமிடம் ஆகும். தொடக்கத்திலேயே கால் டீஸ்பூன் உப்பு சேர்த்தால் நீர் விட்டுச் சீக்கிரம் சுருங்கும். ஒட்டத் தொடங்கினால் எண்ணெய் ஊற்றாமல் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கிளறுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பு நிறம் கரைந்து குழம்புக்கே சுவையாகத் திரும்பும்.

"எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்" என்ற வழக்கமான அடையாளம் இங்கே வேலைக்கு ஆகாது. 2 டீஸ்பூன் எண்ணெயில் பிரிவதற்கு என்ன இருக்கிறது? தக்காளி வதங்கி, கரண்டியால் தள்ளினால் மொத்தமும் ஒரு கட்டியாகச் சட்டியை விட்டு நகர வேண்டும், தள்ளிய இடத்தில் நீர் ஓடிவரக் கூடாது. அதுதான் பதம். அதற்கு முன்பே தண்ணீர் ஊற்றினால் குழம்பு புளிப்பாகவும் நீராகவும் நின்றுவிடும்.

பச்சை வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்துச் சேர்ப்பது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஆனால் அது கசப்பு தட்டும், அந்த வாசனை போக நறுக்கியதைவிட அதிக நேரம் வதக்க வேண்டும். விழுதாகத்தான் வேண்டும் என்றால் வதக்கி ஆறவைத்து அரையுங்கள்.

இன்னொன்று: உருளைக்கிழங்கைப் பச்சையாகத் தக்காளி விழுதில் போட்டு வேகவைக்காதீர்கள். புளிப்பு காயின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாது. அரை மணி நேரம் கொதித்தும் நடுவில் நறுக்கென்றே இருக்கும். முக்கால் வேக்காடு வெந்ததைச் சேர்ப்பதே சரி.

தேங்காய்ப்பாலும் முந்திரியும்

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முந்திரிக்குக் கிடைத்த கெட்ட பெயர் அளவுக்கு மீறியது. 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் ஆளுக்கு 100 கலோரிக்கு மேல் தரும், அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 9 கிராம். நிறைவுற்ற கொழுப்பு அன்றாட ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது ஏறக்குறைய 22 கிராம். ஒரு வேளைக் குழம்பிலேயே பாதிக்குக் கிட்டே போய்விடுகிறது. அதே குழம்பில் 20 கிராம் முந்திரி, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று பருப்பு, அரைத்து விட்டால் ஆளுக்கு 28 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. முந்திரிக் குழம்பு கனமாவது அதே சட்டியில் வெண்ணெயும் கிரீமும் சேரும்போதும், அளவில்லாமல் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடும்போதும்தான்.

முந்திரியை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முதலில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு அரையுங்கள். தண்ணீர் கூடிப்போனால் பிளேடுக்கு அகப்படாமல் துருவல் துருவலாக மிதக்கும். நைசானதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். முந்திரியில் மாவுச்சத்தும் இருப்பதால் கொதித்தவுடன் கெட்டியாகும், அடியும் பிடிக்கும். காய் முழுவதும் வெந்தபின் சேர்த்து, சிறுதீயில் நாலைந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். கொட்டைகள் ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் இந்தத் தேர்வையே விட்டுவிட வேண்டியதுதான்.

தேங்காய்ச் சுவைதான் வேண்டும் என்றால் பாலுக்குப் பதில் துருவலை அரைத்து விடுவது நல்ல சமரசம். அரை கப் துருவல் 40 கிராம் இருக்கும். ஆளுக்கு 35 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 3 கிராம், கூடவே கொஞ்சம் நார்ச்சத்து. பாலின் வழவழப்பு வராது, மணம் வரும். பால்தான் ஊற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டாம் பாலில் காயை வேகவைத்து, கெட்டிப்பாலில் அரை டம்ளரை மட்டும் கடைசியில் சேருங்கள். ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நீரும் தனித்தனியாகப் பிரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். கெட்டுவிட்டது என்று பொருளில்லை, ஆனால் வழவழப்பு திரும்பி வராது.

தயிர்

கலோரியில் வெங்காயம்-தக்காளிக்குச் சமம்: 200 கிராம் முழுப்பால் தயிர், ஆளுக்கு 30 சொச்சம். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல் லாபம். வேகத்திலும் முந்தும், பத்து நிமிட வேலை. ஆனாலும் ஐந்தில் அதிகம் பேர் கோட்டைவிடுவது இதில்தான்.

தயிர் திரிவதற்குக் காரணம், அதிலுள்ள புரதம் புளிப்பால் ஏற்கெனவே உறைந்த நிலையில் இருப்பது. சூடு ஏற ஏற அந்த வலை இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றும். குழம்பில் வெள்ளைத் துகள்கள் தெரிவது அப்போதுதான். புளித்த தயிர் சீக்கிரம் திரியும். கொழுப்பு நீக்கிய தயிர் இன்னும் சீக்கிரம். ஆரோக்கியத்துக்காக அதை எடுப்பவர்களுக்கே இந்தத் தொல்லை கூடுதலாக வருகிறது.

தீர்வு மாவுச்சத்து. 200 கிராம் புளிக்காத தயிரில் 1 டேபிள்ஸ்பூன் கடலை மாவைக் கட்டியில்லாமல் கடையுங்கள். தயிர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சட்டிக்குப் போகக் கூடாது, அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். காய் வெந்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். சூடான குழம்பில் ஒரு கரண்டி எடுத்துத் தயிரில் விட்டுக் கலக்குங்கள், பிறகு இன்னொரு கரண்டி. தயிர் வெதுவெதுப்பானதும் மொத்தத்தையும் சட்டியில் ஊற்றி, சிறுதீ வைத்து, முதல் குமிழ் வரும்வரை கரண்டியை நிறுத்தாதீர்கள். அதன்பின் ஐந்தாறு நிமிடம் மெல்லக் கொதிக்கலாம், கொதிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கடலை மாவின் பச்சை வாசனை நிற்கும். வீங்கிய மாவுத் துகள்கள் புரதத்துக்கு நடுவே புகுந்து அதை ஒன்றோடொன்று இறுகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

திரிந்தே போனால் காயை அரித்தெடுத்துவிட்டு, குழம்பைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். முழுதாகச் சரியாகாது, பரிமாறும் அளவுக்கு வந்துவிடும். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றினால் ஆவி மூடியைத் தள்ளித் தெறிக்கும்.

பருப்பு

வாரத்தில் நாலு நாள் சமைக்க ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பதில் பருப்புதான். 60 கிராம் மைசூர் பருப்பு அல்லது பாசிப்பருப்பு, ஆளுக்கு 50 கலோரி. தேங்காய்ப்பால் தவிர மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் போலத் தோன்றினாலும் அதோடு மூன்றரை கிராம் புரதமும் நார்ச்சத்தும் வருகின்றன, பசி தாங்கும். தேங்காய்ப்பாலின் 100 கலோரி அப்படித் தாங்காது. காய் மட்டும் போட்ட குழம்பில் புரதம் குறைவு என்ற குறையையும் இதுவே தீர்க்கிறது.

மைசூர் பருப்பு ஊறவைக்காமலே மூன்று பங்கு தண்ணீரில் 15 முதல் 20 நிமிடத்தில் குழைந்துவிடும், குக்கர்கூட வேண்டாம். பாசிப்பருப்புக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். வேகும்போது கால் டீஸ்பூன் மஞ்சளைத் தவிர எதையும் சேர்க்காதீர்கள். தக்காளி, புளி, எலுமிச்சை எல்லாம் பருப்பு மசிந்தபின்தான். முன்னே சொன்ன பெக்டின் கதையேதான் இங்கும். நீண்ட நேரம் கொதித்தும் வேகாத பருப்புக்கு இன்னொரு காரணம் சுண்ணாம்புச்சத்து மிகுந்த கடின நீர். அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் ஊறவைத்துப் போடுங்கள், அல்லது வடிகட்டிய தண்ணீரில் வேகவையுங்கள்.

பருப்பின் குறை, அது மசாலாவை விழுங்கிவிடும் என்பது. மற்றவற்றுக்குப் போதுமான மல்லித்தூள் இதில் மங்கித் தெரியும். எல்லாத் தூளையும் அரை மடங்கு கூட்டுங்கள், இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். உப்பைக் கூட்டத் தோன்றும், அதற்கு முன் புளிப்பைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது அதுதான்.

எதனோடு எது

கீரை, சுரைக்காய், முருங்கைக்காய்க்குப் பருப்பு. கத்தரிக்காய்க்கும் கொண்டைக்கடலைக்கும் வெங்காயம்-தக்காளி. வெண்டைக்காய், உருளைக்கிழங்குக்குத் தயிர். வெண்டையை மட்டும் தனியாக வதக்கிப் பிசுபிசுப்பு போனபின் சேர்க்க வேண்டும். காலிஃபிளவருக்கும் பட்டாணிக்கும் முந்திரி. பூசணிக்குத் தேங்காய். எதுவுமே கையில் இல்லாத நாளில், வெந்த காயில் இரண்டு கரண்டி எடுத்து மசித்து அதே குழம்பில் கலந்துவிடுங்கள். ஒரு கலோரிகூட அதிகமாகாது.

மீதம் வைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் கடைசியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். தேங்காய் சேர்த்ததை மறுநாளே முடித்துவிடுங்கள். தயிர்க் குழம்பைச் சிறுதீயில் கிளறிக்கொண்டேதான் சூடாக்க வேண்டும். பருப்பும் முந்திரியும் ஆறினால் இறுகும், அரை டம்ளர் வெந்நீர் விட்டுத் தளர்த்திக் கொதிக்கவிடுங்கள். ஃப்ரீசருக்கு ஏற்றது வெங்காயம்-தக்காளி விழுதுதான். ஓய்வு நாளில் ஒரு கிலோ வெங்காயத்தை வதக்கி, ஐந்து பங்காகப் பிரித்து உறையவைத்தால், வேலை நாளில் அந்த 15 நிமிட வதக்கலுக்கு நிற்க வேண்டியதில்லை.