முதல் காகித டாங்கி எது? ஹெட்சர், பான்சர் 4, கேவி-2

பள்ளி மாணவிகள் டாங்கிகளில் போட்டியிடும் 'கேர்ள்ஸ் உண்ட் பான்சர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்த கையோடு காகிதத்தில் டாங்கி செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாயகி மிஹோவின் பான்சர் 4-ஐத்தான் எடுக்கிறார்கள். ஆசை நியாயமானது. 2012-ல் வந்த அந்தத் தொடரில் ஓஅராய் பள்ளி அணியின் தலைமை வண்டி அதுதான். அந்தக் கடலோர ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ஆங்கோ மீன்தான் அதன் சின்னம். ஆனால் முதல் வண்டியாக அதைத் தொட்டு, சக்கரம் வெட்டியே சலித்துப்போய்ப் பாதியில் மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் அதே தொடரில் வரும் ஹெட்சர், பான்சர் 4, கேவி-2 என்ற மூன்று இரண்டாம் உலகப் போர் டாங்கிகளின் இந்த ஒப்பீடு.

காகிதம் ஒரு பக்கமாக மட்டுமே வளையும். மடித்தால் பெட்டி, உருட்டினால் குழாய், சுருட்டினால் கூம்பு. பந்துபோல உருண்டு வராது. அதனால் தட்டைத் தகடுகளால் ஆன வண்டிதான் காகிதத்துக்கு இணக்கம். இந்த மூன்றுமே பெரும்பாலும் அப்படிப்பட்டவை என்பதால் உடல் பகுதியில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் சக்கரத்தில்தான்.

பான்சர் 4-க்குப் பக்கத்துக்கு எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை. ஆக இரண்டு பக்கமும் சேர்த்து 32 வட்டங்கள். 1/35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்தால், ஒவ்வொன்றும் 13 மில்லிமீட்டர்தான் இருக்கும். தடிமன் வேண்டும் என்பதால் அட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டித்தான் வெட்ட வேண்டும். சட்டைப் பொத்தான் அளவு அட்டையைக் கத்தியால் வட்டமாக வெட்டுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்தாவது சக்கரத்தில் விரல் வலிக்கும், இருபதாவதில் வட்டம் முட்டை வடிவமாகும். மேலே செயினைத் தாங்கும் சின்ன உருளைகள் பக்கத்துக்கு நான்கு வேறு.

கேவி-2-வில் பக்கத்துக்கு ஆறு இரட்டைச் சக்கரம், மொத்தம் 24. கொஞ்சம் பெரியவை. ஹெட்சரில் பக்கத்துக்கு நான்கே நான்கு ஒற்றைச் சக்கரம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர், அதாவது ஒரு ரூபாய் நாணயம் அளவு. எட்டு வட்டம் வெட்டினால் முடிந்தது. ஒரு மாலை நேர வேலை.

ஹெட்சருக்குச் சுழலும் மேற்கூண்டும் கிடையாது. முன்தகடு செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து நேராக மேல்கூரையில் போய்ச் சேரும். பக்கத் தகடுகளும் உள்நோக்கிச் சாய்ந்தவை. எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மடிப்புக் கோட்டில் ஸ்கேலை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மடித்தால், தட்டையாக இருந்த தாள் ஒரு நொடியில் டாங்கியாக எழுந்து நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை. கஷ்டமான இடம் ஒன்றுதான்: பீரங்கிக் குழாய் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் பன்றி மூக்கு போன்ற வார்ப்புக் கவசம். அதைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டிவிட்டால் தூரத்திலிருந்து குறை தெரியாது.

தொடரோடும் இது பொருந்துகிறது. மாணவர் மன்றத்தின் ஆமை அணி முதலில் ஓட்டுவது 38(டி) என்ற சிறு டாங்கி. இறுதிப் போட்டிக்கு முன்னால் அதையே மாற்று பாகங்கள் போட்டு ஹெட்சராக்குகிறார்கள். ஆமைச் சின்னத்தைத் தாளிலேயே அச்சடித்துவிடலாம். பிளாஸ்டிக் மாடலில் இதற்கென்று தனியாக ஸ்டிக்கர் தேட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். காகிதத்தில் நிறமும் சின்னமும் வெட்டும்போதே வந்துவிடுகின்றன.

கேவி-2 தொடரில் எதிரணியான பிராவ்டா பள்ளியின் வண்டி. 152 மில்லிமீட்டர் பீரங்கி, பெட்டிக்கடையைத் தூக்கி மேலே வைத்தது மாதிரி ஒரு கூண்டு. ஐந்தாறு மடிப்பில் அந்தக் கூண்டு முடிந்துவிடும், அலமாரியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் பெரிய தட்டை முகங்கள் பசையின் ஈரத்தில் குழியும். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்காமல் விடாதீர்கள். இரண்டாவது வண்டியாக நல்ல தேர்வு.

சரி, பான்சர் 4 தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால்? ஆரம்ப அத்தியாயங்களின் டி வகையை விட்டுவிடுங்கள். இறுதிப் போட்டியில் வரும், பக்கத் தகடுகள் மாட்டிய வடிவத்தைச் செய்யுங்கள். அந்தத் தகடுகள் உருளைகளை முழுசாகவும் சக்கரங்களைப் பாதியும் மறைத்துவிடும். உள் வரிசைச் சக்கரங்களை நிம்மதியாகத் தட்டை அட்டையில் முடிக்கலாம். இன்னொரு அழகும் உண்டு. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாளின் தடிமன் தோராயமாக 0.2 மில்லிமீட்டர். 1/35-ல் கணக்குப் போட்டால் நிஜத்தில் 7 மில்லிமீட்டர். அசல் வண்டியில் உடலின் பக்கத் தகடு 5 மில்லிமீட்டர், கூண்டைச் சுற்றிய தகடு 8. இந்த ஒரு விஷயத்தில் தடித்த பிளாஸ்டிக்கைவிடக் காகிதம்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எதை எடுத்தாலும் அச்சில் கவனம் தேவை. ஒருமுறை கடையில் இரண்டு தாளை நூறு சதவீதத்திலும் மூன்றாவதைத் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கியும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அடித்தட்டும் மேல்தட்டும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. வெட்டும் முன் ஒவ்வொரு தாளையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். லேசர் அச்சு மடிப்பில் உதிரும், இங்க்ஜெட் ஈரத்தில் கரையும். நான் இங்க்ஜெட்டில் அடித்துப் பசையைக் குச்சி நுனியில் மெல்லிசாகத் தடவுகிறேன். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரியும், ஒட்டும் முன்பே அதே நிற வாட்டர்கலர் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்.

அப்புறம் 1/35-க்கு இறங்கும் முன்னால் ஹெட்சரை ஒருமுறை 1/72-ல் செய்து பாருங்கள் என்பேன். இறுதிப் போட்டியில் ஹெட்சர், எதிரணியின் ராட்சத டாங்கியான மௌஸின் முன்பக்கத்துக்கு அடியில் புகுந்து அதை மடக்கும், ஓஅராயின் இன்னொரு டாங்கியான டைப் 89 மேலே ஏறி அதன் கூண்டைத் திரும்பவிடாமல் நிறுத்தும். அந்தக் காட்சியை அப்படியே மேசையில் வைக்க 1/72 போதும். சக்கரமே வெளியே தெரியாத மௌஸ் அந்த அளவிலேயே பீரங்கியோடு சேர்த்து 14 சென்டிமீட்டர் நீளம் வரும். அதன் முன்மூக்கைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்த ஹெட்சர் தயாராக இருக்கும்.