குட்டி ரயிலுக்கு அடியில் நீல ஃபோம் பலகை: ஒன்றரை வருட அனுபவம்

கிருஷ்ணகிரி ஊருக்குள் இப்போது ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து 762 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டிப் பாதை 1905இல் வந்தது, பிறகு போய்விட்டது. என் அப்பா பையனாக இருந்தபோது அதில் போயிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிப்பொறி பட்டதில் சட்டை ஓட்டையாகி, வீட்டில் அடி வாங்கிய கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும், மாடியில் ஷீட் போட்ட அறையில் அந்த ரயிலைப் பொம்மை அளவில் செய்து ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

அளவு 87இல் ஒரு பங்கு. 762ஐ 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.8 மில்லிமீட்டர் வருகிறது. 9 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைப்பதால் அதில் தொல்லையில்லை. தொல்லையெல்லாம் தண்டவாளத்துக்கு அடியில் எதைப் போடுவது என்பதில்தான்.

முதலில் தெர்மாகோல். அறுத்தால் வெள்ளை மணிகள் பறந்து சட்டை, தலை, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் ஒட்டின. வீட்டுக்காரம்மா ஒரே நாளில் தடை போட்டுவிட்டாள். அடுத்து ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் 5 மில்லி சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் அட்டை வாங்கினேன். பார்க்க மொழுமொழுவென்று அழகுதான். ஆனால் தாங்குகட்டைகளுக்கு நடுவே இரண்டே வாரத்தில் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. பெயர்ப் பலகைக்குச் சரி, ரயிலுக்கு ஆகாது.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் எக்ஸ்பிஎஸ் என்கிற, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்த நீல ஃபோம் பலகை. மொட்டைமாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் பதிப்பார்களே, அதேதான். கடையில் கட்டாகத்தான் தருவோம் என்றார்கள். ஓசூரில் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் மிச்சமிருந்த இரண்டை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். 1250க்கு 600 மில்லிமீட்டர், கனம் 50 மில்லி. ஒரு பலகை ஒன்றரைக் கிலோகூட இராது. பஸ்ஸில் கண்டக்டர் அளவைப் பார்த்து லக்கேஜ் கேட்டார். ஒரு விரலில் தூக்கிக் காட்டினேன், சிரித்துக்கொண்டே பாதி விலைக்கு விட்டார்.

இதன் அருமை பாதை போடும்போது தெரியவில்லை, பள்ளம் தோண்டும்போது தெரிந்தது. பிளைவுட்டில் எதைச் செய்தாலும் மேலே மேலே ஏற்றத்தான் முடியும். இதில் தண்டவாள மட்டத்துக்குக் கீழே ஓடையும் வாய்க்காலும் கத்தியாலேயே இறங்கும். நம் பக்கத்துக் குண்டுப் பாறைகளுக்கு இதைவிடத் தோதான பொருளை நான் பார்த்ததில்லை. உடைந்த ஆக்ஸா பிளேடால் கிழித்து, விரலால் பிய்த்து எடுத்தால் சொரசொரப்பு தானாக வருகிறது. மேலே சாம்பல் நிற எமல்ஷன் அடித்து, தண்ணீராகக் கரைத்த கறுப்பை வழியவிட்டேன். செம்மண்ணுக்கு எங்கள் கொல்லை மண்ணையே சலித்துக்கொண்டேன். சலித்த மண்ணில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நாலு தடவை ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மண்ணிலிருக்கும் இரும்புத்தூள் எஞ்சின் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இனி குறைகள். ஸ்ப்ரே பெயின்ட் கிட்டேயே வரக்கூடாது. அவசரத்தில் ஒரு மலைக்கு அடித்தேன், சுட்ட அப்பளம் மாதிரி சுருங்கிக் குழிந்துவிட்டது. செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் பசையும் அப்படியே அரித்துவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் இதற்கு லாயக்கு. ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே காற்றுப் புகாததால் காயவே காயாது. மேலே செங்கல் அடுக்கி மூன்று நாள் வைத்தும் நடுவில் ஈரம் இருந்தது. திருகாணியும் பிடிக்காது. பாதை பிரியும் இடத்து மோட்டாருக்கு ஒரு பிளைவுட் துண்டை ஒட்டி, அதில்தான் முடுக்க வேண்டும். பலகையைத் தனியாக நம்பவும் வேண்டாம், அடியில் மரச்சட்டம் கட்டாயம். அப்புறம், சத்தம். கார்க் தாள் போடாமல் ரயிலை ஓட்டினால் தவில் மேல் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறது.

ஒயர் விஷயம் வேறு மாதிரி. பிவிசி உறை போட்ட ஒயரைப் பாலிஸ்டைரீன் மேல் நேராகப் படுக்க வைத்தால், உறையை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல ஃபோமுக்குள் இறங்கிவிடும். ஒயர் உறை விறைத்து வெடிப்பு விடும், ஃபோம் இளகிப் பிசுபிசுக்கும். ஒரே நாளில் நடக்காது, வருஷக் கணக்கில் நடக்கும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. நான் எல்லா ஒயரையும் மரச்சட்டத்தோடு கிளிப் அடித்துவிட்டேன். தண்டவாளத்துக்கு ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைக்கும்போது சூட்டுக்கோல் நுனி ஒரு நொடி ஃபோமில் பட்டாலும் குழிதான். வாடையும் நல்லதில்லை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பலகை நெருப்பில் உருகி எரியும் சாதி, தீக்குச்சி விளையாட்டெல்லாம் அந்த அறையில் கிடையாது.

யாரும் சொல்லாத ஒன்று, எறும்பு. போன மழைக்காலத்தில் மலையின் பின்பக்கம் நீலத் தூள் கொட்டிக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் உள்ளே ஊரே குடியிருந்தது! மலையையே வெட்டிப் போட்டுவிட்டு, மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு வரவில்லை.

ஆக, ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று பசைக்கும் எறும்புக்கும் போயிற்று.

பேரன் லீவுக்கு வந்தவன் எங்கள் ஊர்ப் பக்கத்து கேஆர்பி அணையும் (கிருஷ்ணகிரி அணை) வேண்டும் என்கிறான். ரயில் நின்று பல வருஷம் கழித்துத்தானடா அணையே கட்டினார்கள் என்றேன். "பரவாயில்லை தாத்தா, யாருக்குத் தெரியும்" என்கிறான். 50 மில்லியில் அணைக்கு ஆழம் போதாது. அடியில் இன்னொரு பலகை ஒட்ட வேண்டும், திரும்பவும் ஓசூர் பஸ்தான்.