லிஃப்டில் சிக்கும் நாய்க் கயிறு: காப்புரிமையா, வடிவமைப்புப் பதிவா?

நாய் உள்ளே, ஆள் வெளியே என்று லிஃப்ட் கதவு மூடிக்கொண்டால் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். அப்போது தானாகவே விடுபடும் கொக்கி ஒன்றை அம்பத்தூர்ப் பட்டறையில் ஒருவர் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

காப்புரிமை, கொக்கி வேலை செய்யும் விதத்தைக் காக்கும்; ஆயுள் 20 ஆண்டு. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய் (30 பக்கம், 10 உரிமைக்கோரல் வரை; எதற்கு உரிமை வேண்டும் என்று எழுதும் வாக்கியமே உரிமைக்கோரல்), பரிசீலனைக்கு 4,000. ஏஜென்ட் கட்டணம் தனி. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் பரிசீலனை கேட்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

பலர் சறுக்குவது உரிமைக்கோரலில்தான். ‘இழுத்தால் விடுபடும் கொக்கி’ என்று பொதுவாகக் கேட்டால் நிற்காது. பூனைகளுக்கு அப்படிப்பட்ட கழுத்துப் பட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. காப்புரிமை ஆவணங்களில் விலங்குகளின் கழுத்துப் பட்டை, கயிறுகளுக்கான ஏ01கே 27/00 வகைப்பாட்டில் தேடினாலே தெரிந்துவிடும். நாய் துள்ளி இழுப்பது ஒரு திடீர் வெட்டிழுப்பு; லிஃப்ட் இழுப்பது விடாமல் ஏறும் விசை. அண்ணா சாலையில் முதலாவதற்கு விடுபட்டால் நாய் வண்டியில் அடிபடும். இரண்டையும் பிரித்தறிவது எந்த ஸ்பிரிங், எந்தப் பல், எந்தக் கோணம்? அதைத்தான் எழுத வேண்டும். கூடவே மின்விளக்கும் ஜிபிஎஸ்ஸும் ஒட்டிவிட்டால் கண்டுபிடிப்பு ஆகாது. தனித்தனியே இயங்கும் தெரிந்த சாதனங்களின் வெறும் சேர்க்கையைக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு ஒதுக்கிவிடுகிறது.

மாதிரி இன்னும் மாறிக்கொண்டிருந்தால் தற்காலிக விவரக்குறிப்பு (தேதியைப் பிடித்துவைக்கும் முதற்கட்ட விண்ணப்பம்) நல்லது. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். ஆனால் முதலில் சொல்லாத பொறியமைப்புக்கு முதல் தேதி கிடைக்காது. ஆகவே யோசித்த மாற்று வடிவங்களையும் படத்தோடு அப்போதே போட்டுவிடுங்கள்.

வடிவமைப்புப் பதிவு மலிவு: தனிநபருக்கு 1,000 ரூபாய், 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தோடு சரி. அதே ஸ்பிரிங்கை வட்டக் கூட்டுக்குள் வைத்து எதிராளி விற்றால் கேட்க வழியில்லை. பாதுகாப்புச் சாதனத்தில் பணமதிப்பு உள்ளே இருப்பதால், இதை மட்டும் நம்புவது வீண்.

மூன்றாவது வழி, ‘முதலில் விற்றுப் பார்ப்போம்’ என்பது. இதுதான் ஆபத்தானது. இன்ஸ்டாகிராமில் இயங்குமுறை தெரிய ஒரு வீடியோ போட்டாலே புதுமை போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு; கடற்கரையோரம் நடக்கும் நாய்ச் சந்தைக்கு இல்லை. ரகசியமாக வைக்கவும் முடியாது, திருகாணியைக் கழற்றினால் எல்லாம் தெரியும்.

இந்தக் கொக்கிக்கு எங்கள் தேர்வு: தற்காலிக விண்ணப்பம் முதலில், கொக்கியை வார்க்கும் அச்சு இறுதியானதும் வடிவமைப்புப் பதிவு. காப்புரிமை விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும். அதன் படங்களில் கொக்கியின் தோற்றம் இருந்தால் வடிவமைப்பின் புதுமையும் கெடும். அதனால் வடிவமைப்பு விண்ணப்பம் அதற்கு முன்பே கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும்.